சிவப்புக் காருக்கு நான் போட்ட விலை

இப்போதெல்லாம் ஒரு காரின் பெயரையும் அது செய்யப்பட்ட வருஷத்தையும் கம்ப்யூட்டரில் தட்டினால் விலை வந்து நிற்கிறது. முதல் வருஷத்துக்கு இவ்வளவு கழிவு, இரண்டாம் வருஷத்துக்கு இவ்வளவு என்று பட்டியலே இருக்கிறது. நான் வேலை பார்த்த ஆபீஸில் இப்போது இருக்கும் சங்கீதா போன மாதம் போன் செய்தாள். யாரோ ஒரு பணக்காரரின் இத்தாலியக் கார் இன்ஷூரன்ஸுக்கு வந்திருக்கிறதாம். பட்டியலில் அந்தக் காருக்கு விலை இல்லை. ‘நேரில் பார்த்து மதிப்பிடவும்’ என்று மட்டும் போட்டிருக்கிறதாம்.

“நேர்ல போய் என்னத்தக்கா பார்க்கிறது? இந்த மாதிரி காடிய நான் தொட்டதுகூட இல்ல லா” என்றாள். இங்கே பேச்சில் காருக்குக் காடி என்று பேர்.

“நானும் ஒண்ணே ஒண்ணுதான் பார்த்திருக்கேன். அதையே ரெண்டு தடவ பார்த்தேன்” என்றேன்.

அந்த இரண்டு தடவையையும் எழுதிக் கொடுக்கச் சொன்னாள். எழுதுகிறேன். இதில் அவளுக்குப் பயன்படும் கணக்கு ஏதாவது இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

நான் பிறந்தது மலேசியாவில் ஒரு மலைமேல், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில். என் வீட்டுக்காரர் கோபால் தேயிலை பேக்டரியில் வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில், கையில் ஒரு குழந்தையோடு, அதே மலையில் தானா ராத்தா ஊரில் ஒரு மாடி ஆபீஸில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். வாகனங்களுக்கு விலை போடுகிற ஆபீஸ் அது. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலையின் வளைவுகள் எங்களுக்கு ஓயாமல் வேலை கொடுத்தன. இடித்த கார், கவிழ்ந்த லோரி, விற்க வந்த லேண்ட் ரோவர் எல்லாவற்றையும் முதலாளி தேவசகாயம் சார் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன்.

சார் முன்பு ஒரு தோட்டத்தின் வொர்க்‌ஷாப்பில் தலைமை மெக்கானிக்காக இருந்தவர். இடுப்பு போய்விட்டது. ஒரு நாள் ரிங்லெட் ஊரில் ஒரு வேனுக்கு அடியில் பார்க்கக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளக் கூடப் போயிருந்த என்னைப் பார்த்து, “மிஸஸ் கோபால், நீங்க கொஞ்சம் படுத்துப் பார்த்துச் சொல்றீங்களா?” என்று கூச்சத்தோடு கேட்டார். சேலைக்கு மேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்தேன். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் வாகனங்களுக்கு அடியில் படுத்தேன். தபால் வழியாகப் படித்துப் பரீட்சை எழுதினேன், ஒரு தடவை தவறி மறு தடவை தேறினேன். இவ்வளவுதான் என் படிப்பு.

சார் வேலை பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈரமான காரை அவர் பார்க்கவே மாட்டார். தண்ணீர் பட்ட பெயின்ட் எல்லாம் புது பெயின்ட் மாதிரிதான் தெரியும் என்பார். இந்த மலையிலோ மழை இல்லாவிட்டால் பனிமூட்டம். அதனால் பாதி நாள் எங்களுக்குக் காத்திருப்பதுதான் வேலை. பையில் ஒரு பழைய துண்டு இருக்கும். கதவை மட்டும் துடைத்துவிட்டு, ஓரமாக நின்று, அது காய்வதையே பார்த்துக்கொண்டிருப்பார். காய்ந்த பிறகு தலையைச் சாய்த்து வெளிச்சத்துக்கு எதிரே பார்ப்பார். துணி சுற்றிய காந்தம் ஒன்றை பாடியின் மேல் மெதுவாக நகர்த்துவார். காந்தம் வழுக்கிக் கீழே விழும் இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். பிரேக் மிதியின் ரப்பரைத் தொட்டுப் பார்ப்பார். மீட்டர் பொய் சொன்னாலும் அந்த ரப்பர் சொல்லாது. பிறகு சொந்தக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு, தான் ஏறாமல் ரோட்டோரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்று சத்தத்தைக் கேட்பார்.

எல்லாம் முடிந்ததும் சொந்தக்காரர் ஆவலாக முகத்தைப் பார்ப்பார். சார் வாயே திறக்க மாட்டார். காருக்குப் பக்கத்தில் நின்று விலை சொல்வதில்லை என்பது அவருடைய சட்டம். யார் கேட்டார்களோ அவர்களுக்குக் கடிதத்தில்தான் போகும். காரைப் பார்த்துக்கொண்டே விலை கேட்பவன் கோபப்படுவான், கோபப்படுகிறவனுக்காக நம் வாய் விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லிவிடும் என்பார்.

அந்தச் சட்டத்தை அவர் ஒரே ஒரு காருக்காக விட்டுக்கொடுத்து நான் பார்த்தேன். அதுதான் சிவப்புக் கார். அதை நான் பார்த்த முதல் தடவை இது.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். மலைக்கே அதுவரை வராத ஒரு காரை எழுபதுகளின் நடுவில் அவர் கொண்டுவந்தார். இத்தாலியில் செய்தது, இரண்டே பேர் உட்காரலாம். எஞ்சின் உட்காருகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கூரை என் நெஞ்சு உயரம்கூட இல்லை. அதன் விலைக்கு நான்கு புது லோரி வாங்கியிருக்கலாம். தோட்டத்து மண் ரோட்டில் அது நகர முடியாது. அதனால் பேக்டரிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, துரை பங்களாவிலிருந்து லேண்ட் ரோவரில் வந்து அதில் மாறி ஏறுவார்.

ஒரு வருஷம் முடிவதற்குள் அவர் ஊர் திரும்ப வேண்டி வந்தது. காரை விற்க வேண்டும், விலை போட்டுக் கொடுங்கள் என்று சாரைக் கூப்பிட்டார். நான் அடியில் படுத்தபோது என் மூக்குக்கும் தகரத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிதான் இருந்தது. பின்பக்கம் இடது மூலையில் காந்தம் நிற்கவில்லை. எங்கோ ஒரு வளைவில் சுவரில் உரசி, கோலாலம்பூரில் சரி செய்திருக்கிறார்கள்.

துரைக்குத் தமிழ் தெரியும். வேலைக்காரர்களிடம் பேசிப் பழகிய தமிழ். “சொல்லு மேன், எவ்வளவு?” என்றார். சார் கடிதத்தில் எழுதுவதாகச் சொன்னார். “நாலு நாள்லே நான் கப்பல் ஏறணும். இப்பவே சொல்லு” என்று வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

“வாங்கின விலையில பாதிக்குக் கீழே” என்றார் சார்.

துரையின் கழுத்து சிவந்தது. “ஒரு வருஷம்தானே ஓட்டினேன்! புதுக் கார்!”

“கார் புதுசுதான் துரை. வாங்கறவன்தான் இல்ல. ஒரு சாதாரணக் கார வித்தா இந்த மலையில அம்பது பேர் வருவாங்க. இத வாங்க யாரு வருவா? வாங்கினாலும் ரிப்பேருக்கு எங்க போவான்? வெல கார்ல இல்ல துரை, அடுத்து வாங்கப் போறவன்கிட்ட இருக்கு.”

அடுத்து வாங்கப்போகிறவன் அந்த வாரமே வந்தான். கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த மாரிமுத்து. ஊரே அவரை மாரிமுத்து தவுக்கே என்று அழைக்கும். தவுக்கே என்றால் முதலாளி. துரை கேட்ட விலைக்கே வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டு, விற்பனைப் பேப்பர் எழுத எங்கள் ஆபீஸுக்கு வந்தார். முட்டைக்கோஸ் ஏற்றிவிட்டு நேரே வந்தவரின் சட்டையில் மண் காயவில்லை.

சாருக்கு மனம் கேட்கவில்லை. “தவுக்கே, நான் போட்ட வெல இது. நீங்க குடுக்கறது அதுக்கு ரெண்டு மடங்கு. நாளைக்கு நீங்க வித்தா இதுல பாதி கூட வராது” என்றார்.

மாரிமுத்து நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“சார், எனக்குப் பதினாலு வயசு. இந்தத் துரையோட தோட்டத்து ரோட்டுலதான் சைக்கிள்ல போறேன். அப்ப இருந்த துரையோட காடி எதுக்க வருது. எறங்கி ஓரமா நிக்கணும், அதான் சட்டம். நான் கவனிக்கல, எறங்கல. பதினஞ்சு நாளு எங்கப்பாவுக்கு வேலைக்குப் பேர் போடல சார். எங்கம்மா மட்டும் கொழுந்து கிள்ளி அஞ்சு பேரு சாப்பிட்டோம் நீங்க காடிக்கு வெல சொல்றீங்க. நான் வேற ஒண்ணுக்குக் குடுக்கறேன்.”

நான் பேப்பரை டைப் அடித்துக் கொடுத்தேன்.

அந்தக் காரை மாரிமுத்து அதிகம் ஓட்டவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும், மகள் லெட்சுமியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தானா ராத்தா வரை வந்து திரும்புவார். தோட்டத்து ரோட்டைத் தாண்டும்போது வேகத்தைக் குறைப்பார் என்று சொல்வார்கள். மற்ற நாளெல்லாம் அது கம்போங் ராஜாவில் ஒரு கொட்டகையில் பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் கிடந்தது.

பத்து வருஷத்துக்குப் பிறகு, எண்பதுகளின் நடுவில், மாரிமுத்து திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். அந்தச் சமயம் நாடு முழுக்கத் தொழில் மந்தம். தாப்பாவிலிருந்த ஒரு வக்கீல் எங்களுக்கு எழுதினார். மாரிமுத்துவின் சொத்தைப் பிரிக்க வேண்டும், காருக்கு விலை வேண்டும் என்று. சார் கண் ஆபரேஷனுக்காக ஈப்போவில் ஆஸ்பத்திரியில் இருந்தார். முதல் தடவையாக நான் பார்த்து, நானே கையெழுத்துப் போட வேண்டிய ரிப்போர்ட் அது.

காலையில் போய் இறங்கினேன். சொட்டச் சொட்டப் பனி. கொட்டகையிலிருந்து காரை நான்கு பேர் தள்ளி வெளியே நிறுத்தியிருந்தார்கள். மாரிமுத்துவின் பிள்ளைகள் இரண்டு பேரும் நின்றார்கள். மூத்தவன் சிவராஜா கோலாலம்பூரில் படித்து, அங்கேயே வேலை பார்த்துவிட்டு, அப்பா போன பிறகு திரும்பி வந்தவன். இளையவள் லெட்சுமி. அவள் புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன் அவளையும் எட்டு வயதுப் பையனையும் விட்டுவிட்டு சிங்கப்பூர் போனவன், திரும்பவில்லை. பதினைந்து வயதிலிருந்து அந்தத் தோட்டத்தில் நாற்று நட்டு, கோஸ் வெட்டி, பெட்டி கட்டி, லோரி ஏற்றி அனுப்பியதெல்லாம் அவள்தான்.

சிவராஜா மரியாதையானவன். நாற்காலி போட்டு உட்கார வைத்து, அப்பா காரை வாங்கிய பேப்பரைக் காட்டினான். நான் டைப் அடித்த பேப்பர்தான்.

“அப்பா குடுத்த வெல இதுலயே இருக்குக்கா. பத்து வருஷத்துல ஏறித்தான் இருக்கும். இந்த மாதிரி கார் மலேசியாவுலயே எண்ணிக்கதான். கார தங்கச்சி எடுத்துக்கட்டும், தோட்டத்த நான் எடுத்துக்கறேன். பார்த்தா அவளுக்குத்தான் கூட வரும்.”

“எனக்கு காடிதான் வேணும்” என்றாள் லெட்சுமி. “அப்பா என்னையத்தான் அதுல ஒக்கார வச்சு கூட்டிட்டுப் போனாரு. மண்ணுல நின்னு நின்னு காலெல்லாம் வெடிச்சுப் போச்சுக்கா. காடிய வித்துட்டு டவுன்ல ஒரு கடை போட்டு உக்காரணும்.”

அண்ணன் ஏமாற்றுகிறான் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அவனும் அந்தப் பேப்பரை நம்பினான். அந்த வீட்டில் எல்லாருக்கும் அந்தக் கார் பெரிய விலைக்குப் போக வேண்டியிருந்தது. விலை குறைவாக இருக்க வேண்டும் என்று விரும்பிய ஆள் ஒருவர்கூட இல்லை. இப்படி ஒரு வேலை எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

கார் காய மதியம் ஆனது. அதுவரை சிவராஜா இரண்டு தடவை நேரம் பார்த்தான். நான் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காய்ந்ததும் பெயின்ட் ஓரங்களில் கொப்புளம் கொப்புளமாகத் தெரிந்தது. மீட்டரில் மிகக் குறைந்த மைல்தான். அதை சிவராஜா பெருமையாகச் சொன்னான். ஆனால் டயர் ஓடாமலே வெடித்திருந்தது. நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி இருந்தது. எஞ்சினுக்குள் ஓடும் பெல்ட்டைப் பத்து வருஷமாக யாரும் மாற்றவில்லை. அதை மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும், அது தெரிந்தவர் மலையில் யாரும் இல்லை.

பிறகு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அடியில் படுத்தேன். படுத்ததுமே மூக்கில் நெடி ஏறியது. கொட்டகையில் காருக்குப் பக்கத்திலேயே இத்தனை வருஷமாகக் கோழி எரு மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். தோட்டத்துக்கு வேண்டிய எரு. அதன் காரமும் மலை ஈரமும் சேர்ந்து கீழிருந்து தகரத்தைத் தின்றிருந்தன. டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, ஓட்டுகிறவர் கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே ஸ்க்ரூ டிரைவரை லேசாக வைத்து அழுத்தினேன். அது பிடி வரைக்கும் உள்ளே போனது. துரு என் கண்ணிலும் கன்னத்திலும் கொட்டியது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். எழுந்திருக்க மனமில்லை.

கணக்கு எளிதானது. அந்தக் காரைச் சரி செய்ய ஆகும் செலவு, சரி செய்த பிறகு அன்றைக்கு அதற்குக் கிடைக்கும் விலையைவிட அதிகம். அந்த மந்த காலத்தில் வாங்க ஆளும் இல்லை. ஒரு பழைய காய்கறி லோரியின் விலைதான் எனக்குத் தோன்றியது.

சாரின் சட்டப்படி நான் வாயை மூடிக்கொண்டு ஆபீஸுக்குத் திரும்பியிருக்க வேண்டும். என் கடிதம் இங்கிலீஷில் வக்கீலுக்குப் போகும். வக்கீலை வைத்தது சிவராஜா. லெட்சுமிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கடிதம் வருவதற்குள் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால்? சிவராஜா லோரிக்காரனிடம் பேச உள்ளே போயிருந்தான். லெட்சுமி எனக்கு முகம் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“லெட்சுமி, கையெழுத்து ஏதாச்சும் போட்டியா?”

“நாளைக்குப் போடணும்க்கா. தாப்பாவுக்கு வரச் சொல்லியிருக்காங்க.”

“போடாத. இந்தக் கார் ஒரு பழைய லோரி வெலைக்குத்தான் போவும். அதுவும் வாங்க ஆள் வந்தா.”

அவள் கையிலிருந்த செம்பு அசையவில்லை. முகம் மட்டும் மாறியது.

“அண்ணன் சொல்லிச் சொல்றீங்களா?”

“ஒங்கண்ணனுக்கு இன்னும் தெரியாது.”

“அப்ப எங்கப்பா முட்டாளா? அவ்வளவு காசு குடுத்து வாங்கினவரு முட்டாளா? பொம்பளைக்குக் கார் கெடைக்குதுன்னா ஒங்களுக்கே பொறுக்கல. நீங்களும் ஒரு பொம்பள!” தண்ணீரை என் காலடியில் கொட்டிவிட்டாள்.

என் கண்ணில் துரு அறுத்தது. துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னேன். அவள் அப்பா எங்கள் ஆபீஸில் நின்றுகொண்டு பேசியதை, அந்தச் சைக்கிளை, பதினைந்து நாள் பேர் போடாததை எல்லாம் சொன்னேன். அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. பிள்ளைகளிடம் அவர் சொன்னதே இல்லை.

“முட்டாள் இல்ல லெட்சுமி. எங்க சார் வெலைய சொல்லிட்டாரு, தெரிஞ்சுதான் வாங்கினாரு. அவரு எதுக்குக் குடுத்தாரோ அது அவருக்குக் கெடைச்சுருச்சு. வித்தா அது வராது. அதுக்கு வெல போட எனக்குத் தெரியாது.”

அவள் காரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. காலிச் செம்போடு உள்ளே போய்விட்டாள். போய் வருகிறேன் என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை.

சாரிடம் ஒளிக்கவில்லை. ஈப்போவுக்குப் போய், கண்ணில் கட்டோடு படுத்திருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விலையைப் பற்றி அவர் ஒரு கேள்விதான் கேட்டார். “கார் காஞ்சிருந்துச்சா?” ஆமாம் என்றேன். “நீங்க பேசினது தப்பு மிஸஸ் கோபால். வக்கீல் கேட்டாரு, வக்கீலுக்குத்தான் சொல்லணும். ஒருத்தங்க மேல பரிதாபப்பட்டு இன்னிக்கு உண்மையச் சொன்னீங்க. நாளைக்குப் பரிதாபப்பட்டுப் பொய் சொல்ல மாட்டீங்கன்னு என்ன உத்தரவாதம்?” என்றார். திரும்பி வந்த பிறகும் சில வாரம் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. கடைசி வரை அது தப்பு என்றே சொல்லிவந்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சங்கீதா, நீ எந்தப் பக்கம் என்று நீயே முடிவு செய்துகொள்.

லெட்சுமி கையெழுத்துப் போடவில்லை. என் ரிப்போர்ட் வந்ததும் தோட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஆற்றோரப் பாதி அவளுக்கு, ரோட்டோரப் பாதி சிவராஜாவுக்கு. கார் யாருக்கும் வேண்டாமல் போய், கொசுறாக சிவராஜாவின் பக்கம் சேர்ந்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. நான்கு வருஷம் போயிருக்கும். வெளிநாடுகளில் இந்த மாதிரிக் கார்களுக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. புதிதாக யாரும் செய்யாத கார், எஞ்சின் மாற்றாத கார், ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்று ஆள் தேடி வந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கம்போங் ராஜாவுக்கே வந்து, துருப்பிடித்த தரையோடு அந்தக் காரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார். சிவராஜா அந்தப் பணத்தில் பிரிஞ்சாங்கில் கீழே கடையும் மேலே வீடுமாக ஒரு கடைவீடு வாங்கினான்.

மலையில் எல்லாருக்கும் இது தெரிந்துபோனது. “டைப்பிஸ்ட் அக்கா லோரி வெல போட்ட காடி லா அது!” என்று கடைகளில் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த ரிப்போர்ட்டின் கார்பன் காப்பியை எடுத்துப் பல தடவை படித்தேன். ஒரு வரியில்கூடத் தப்பு இல்லை. துரு இருந்தது உண்மை, செலவு உண்மை, வாங்க ஆள் இல்லாததும் உண்மை. ஆனால் அடுத்து வாங்கப்போகிறவன் இந்த மலையிலிருந்துதான் வர வேண்டும் என்று நான் எப்படி நினைத்தேன்? மற்ற கார்களின் விலை விழுந்து விழுந்து பழைய இரும்பு விலையில் போய் நிற்கும். இந்த மாதிரிக் கார் சில சமயம் அடியில் போய்க் கிடந்துவிட்டு மறுபடி எழுந்திருக்கும். எப்போது எழும் என்று எனக்குத் தெரியாது. எழலாம் என்றாவது ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

கம்போங் ராஜா வேலை வந்தால் வேறு ஆளை அனுப்ப ஆரம்பித்தேன். லெட்சுமியின் முகத்தைப் பார்க்கப் பயம்.

ஒரு நாள் தானா ராத்தா பஸ் ஸ்டேஷனில் அவளே எதிரே வந்துவிட்டாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் நின்றாள். தப்பிக்க வழியில்லை. “லெட்சுமி, அந்தக் கார்...” என்று ஆரம்பித்தேன்.

“அண்ணன் கடைவீடு வாங்கிட்டான். பார்த்தீங்களா?”

“பார்த்தேன். நான் அன்னிக்கு உன்னையத் தடுக்காம இருந்திருந்தா...”

“இருந்திருந்தா?” என்றாள். “நாலு வருஷம் அந்தக் காடிய வச்சுக்கிட்டு எம் புள்ளைக்கு என்னத்தக்கா போட்டிருப்பேன்? வாடகைக்கு வீடு எடுத்து, அத நிறுத்த எடம் தேடி, மூணு மாசத்துல எவனாச்சும் லோரி வெலைக்குக் கேட்டிருந்தா குடுத்துருப்பேன். சிங்கப்பூர்க்காரன் வர்ற வரைக்கும் என்னால காத்திருக்க முடியுமா? அண்ணனுக்கு முடிஞ்சுது, அவன்கிட்ட தோட்டம் இருந்துச்சு.”

அவள் பார்வை என் காலுக்கு இறங்கியது.

“அன்னிக்கு ஒங்க கால்ல தண்ணி ஊத்திட்டேன். அதுதான் ரொம்ப நாளா மனசுல கெடந்துச்சு.” பஸ் ஹார்ன் அடித்தது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டாள். “அக்கா, தோட்டத்துக்கு ஒரு பழைய லோரி பார்த்து வச்சிருக்கேன். ரிங்லெட்டுல ஒருத்தர் விக்கிறாரு. ஞாயித்துக்கெழம வந்து பாருங்களேன். வெலைய அந்த ஆளு முன்னாடியே என்கிட்ட சொல்லிருங்க, கடுதாசி எல்லாம் வேணாம்.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்து, அச்சில் விரிசல் இருப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து, விற்கிறவர் கேட்கும்படியே அந்த லோரி வேண்டாம் என்று சொன்னேன். லெட்சுமி வாங்கவில்லை.